பழைய மாஸிக்குப் பி.டி.ஓ. வேலை: கப்ளர் போதுமா, டபுள் கிளட்ச் வேண்டுமா?

எங்கள் சாளையில் நிற்கும் மாஸி பெர்குசன் 1035 டிராக்டர், அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி. சிங்கிள் கிளட்ச். டிரெய்லர் கட்டினால் இன்றைக்கும் முக்காமல் இழுக்கும். ஒன்பது கொத்துக் கலப்பையைப் போட்டால் மண்ணைப் பிளந்துகொண்டு போகும். வம்பெல்லாம் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும், கருவிகளுக்கு எஞ்சின் சக்தியைக் கொடுக்கும் அந்தப் பி.டி.ஓ. தண்டில்தான். தென்னைக்கு நடுவே மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர் ஓட்டவும், களையை ஸ்லாஷர் வைத்து அடிக்கவும் ஆரம்பித்த பிறகு இரண்டு தொல்லைகள் சேர்ந்தே வந்தன. ஒன்று, வண்டி நான் சொல்வதைக் கேட்கவில்லை. இன்னொன்று, நிறுத்தும் இடமெல்லாம் எண்ணெய்க் கோலம்.

இதற்கு என்ன செய்யலாம் என்று நாலு பேரைக் கேட்டால் நாலு பதில். ஒருவர் ஓவர் ரன் கப்ளர் போடச் சொன்னார். இன்னொருவர் டபுள் கிளட்சுக்கு மாற்றச் சொன்னார். மூன்றாமவர், "எதுக்குங்க வம்பு, ரொட்டவேட்டருக்கு வாடகை வண்டியக் கூப்புடுங்க" என்றார். மூடிகளின் இடுக்கில் எண்ணெய் கசியாமல் வைக்கும் பேக்கிங் விஷயத்திலும் இதே கதை. பேப்பர், கார்க், டியூப் பசை என்று ஆளுக்கொன்று. இரண்டு வருடம் இதிலேயே உழன்ற பிறகு எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். இவை இரண்டு தனித்தனி முடிவுகள் இல்லை. வண்டியை நடுவில், எஞ்சின் வேறு கியர் பாக்ஸ் வேறாகப் பிரிக்கப் போகிறோமா இல்லையா என்பது ஒரே கேள்வி. அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் கப்ளரா கிளட்சா என்பதும், எந்த சீலை மாற்றுவது என்பதும் தானாகவே விழுந்துவிடும்.

சிங்கிள் கிளட்சில் என்னதான் கோளாறு?

கோளாறு என்று சொல்வது தப்பு. அந்தக் காலத்து வடிவமைப்பே அப்படி. ஹாரி பெர்குசனின் டி.இ.20 வண்டி இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை தயாரானது. அதில் ஒரே கிளட்ச்தான். எஞ்சின் சக்தி அந்த ஒரு பிளேட் வழியாகத்தான் சக்கரத்துக்கும், பி.டி.ஓ.வுக்கும், கருவியைத் தூக்கும் லிஃப்ட் பம்புக்கும் போகும். பெடலை மிதித்தால் மூன்றும் ஒன்றாக நின்றுவிடும். அதற்கு அடுத்து 1956ல் வந்த 35 மாடலில்தான் இரண்டு கட்டக் கிளட்ச், அதாவது டபுள் கிளட்ச் கிடைத்தது. பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கும், முழுசாக மிதித்தால் பி.டி.ஓ.வும் நிற்கும். அந்த 35 வம்சத்தில் வந்ததுதான் சென்னை டாஃபே கம்பெனியின் 1035. இதே வம்சத்தில் சிங்கிள் கிளட்ச் வைத்த வண்டிகளும் ஏராளம். விலை குறைவு, பழுது குறைவு, கலப்பைக்கும் டிரெய்லருக்கும் அது போதும். அப்பாவுக்கும் போதுமாகத்தான் இருந்தது.

ரொட்டவேட்டர் கட்டினால்தான் வலி தெரியும். வரப்போரம் வந்துவிட்டீர்கள், திருப்ப வேண்டும். பழக்க தோஷத்தில் முதலில் கிளட்சை மிதிக்கிறீர்கள். ரோட்டர் நின்றுவிட்டது. சரி, தூக்கிவிடலாம் என்று லிஃப்ட் லீவரை இழுத்தால் பம்பும் தூங்குகிறது. கத்தி மண்ணுக்குள், முன் டயர் வாய்க்கால் விளிம்பில். அப்புறம் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, கிளட்சை விட்டு, பம்ப் ஓட ஆரம்பித்த பிறகு தூக்கி, மறுபடி கிளட்ச், மறுபடி கியர். ஒரு திருப்பத்துக்கு இவ்வளவு. ஒரு ஏக்கரில் எத்தனை திருப்பம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்லாஷரில் வேறு விதமான வம்பு, இது ஆபத்தானதும்கூட. கனமான கத்தித் தட்டு ஒன்று முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கிளட்சை மிதிக்கிறீர்கள். எஞ்சின் விலகிவிட்டது. ஆனால் சுற்றுகிற தட்டின் வேகம் பி.டி.ஓ. வழியாகக் கியர் பாக்ஸுக்குள் திரும்பி வந்து சக்கரத்தைத் தள்ளும். கிளட்ச் காலுக்கடியில் கிடக்கும்போதே வண்டி நாலைந்து அடி தானாக நகரும். எனக்கு முதல் தடவை இது நடந்தபோது எதிரே இருந்தது சொட்டு நீர்க் குழாயின் கேட் வால்வு மட்டும். ஆள் இல்லை, பிழைத்தோம். வால்வு பிழைக்கவில்லை.

முதலில் சொட்டைப் பாருங்கள்

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில், கிளட்ச் வீட்டுக்குக் கீழே, ஒரு சின்னத் துளை இருக்கும். அதில் ஒரு ஸ்பிளிட் பின் தொங்கும். சேறு அடைக்காமல் இருக்க அது ஆடிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்காகவே அதைப் போட்டிருக்கிறார்கள். கிளட்ச் அறைக்குள் எங்கிருந்து எண்ணெய் கசிந்தாலும் வெளியே வர வேண்டிய வாசல் இதுதான்.

நான் முதலில் கூட்டிவந்த மெக்கானிக், வண்டிக்குக் கீழே எட்டிக்கூடப் பார்க்காமல் எல்லா சீலும் போச்சு என்றார். இரண்டாவதாக வந்தவர் வயசாளி. வந்ததும் வராததுமாக ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து வண்டிக்கு அடியில் விரித்தார். "ராத்திரி அப்புடியே நிக்கட்டுமுங்க. காலைல வந்து பாத்துக்கறேன்" என்று போய்விட்டார். காலையில் அட்டையில் இரண்டு கறை. ஒன்று பின்னால், பி.டி.ஓ. தண்டுக்கு நேர் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு. இன்னொன்று ஸ்பிளிட் பின்னுக்குக் கீழே, ஒரு பட்டாணி அளவு. அந்தப் பட்டாணியை விரலால் தொட்டு, வெளிச்சத்தில் தேய்த்துப் பார்த்தார். "கருப்பா இருந்தா எஞ்சின் ஆயிலுங்க, பின் மெயின் சீல். மஞ்சளா வழவழன்னு இருந்தா கியர் பாக்ஸ். இது மஞ்சள். இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்."

இந்தப் பரிசோதனைக்குச் செலவு ஒரு அட்டைப் பெட்டி. முடிவில் பாதி இதிலேயே வந்துவிடுகிறது. பின் பக்கம் மட்டும் கசிகிறதென்றால் வண்டியைப் பிரிக்க வேண்டியதே இல்லை. நடுத் துளையில் ஒழுகுகிறதென்றால் இன்றைக்கோ நாளைக்கோ பிரித்தே ஆக வேண்டும், ஏனென்றால் அந்த எண்ணெய் கிளட்ச் பிளேட்டில் பட்டால் பிளேட் வழுக்க ஆரம்பிக்கும். பிரிக்கப் போவது உறுதி என்றால், டபுள் கிளட்சைப் பற்றி யோசிக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

பழைய பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சின்களில் பின் மெயின் சீல், அதாவது எஞ்சின் தண்டின் பின் நுனியில் எண்ணெயைத் தடுக்கும் வளையம், ரப்பர் அல்ல, கயிறு. இரண்டு அரை வட்டமாக வைத்து அழுத்திப் பூட்டுவார்கள். கயிறு சீல் ஒரு சொட்டுகூட விடாமல் இருக்கும் என்று எதிர்பார்ப்பது, மண்பானை வியர்க்காமல் இருக்க வேண்டும் என்பது போல. லேசான ஈரத்துக்கெல்லாம் பயந்து வண்டியைப் பிரிக்காதீர்கள்.

கப்ளர் வழி

ஓவர் ரன் கப்ளர் என்பது சைக்கிள் ஃப்ரீவீல்தான், வேறொன்றுமில்லை. பெடல் நின்றாலும் சைக்கிள் உருளும். அதுபோல வண்டி நின்றாலும் ஸ்லாஷர் தன் பாட்டுக்குச் சுற்றி அடங்கும், சக்கரத்தைத் தள்ளாது. பி.டி.ஓ. தண்டின் ஸ்ப்லைனில், அதாவது பல் வரிசையில் செருகி, பின்னைப் போட்டுப் பூட்டினால் முடிந்தது. அரை மணி நேர வேலை. பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. வண்டியை விற்கும்போது கழற்றி வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் வாங்குவதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். கப்ளர் தண்டின் நீளத்தைக் கூட்டிவிடும். வண்டியையும் கருவியையும் இணைக்கும் அதே கார்டன் ஷாஃப்டை அப்படியே மாட்டினால், ரொட்டவேட்டரைத் தூக்கும்போது உள் குழாயும் வெளிக் குழாயும் முட்டிக்கொண்டு நிற்கும். முட்டினால் அடி வாங்குவது கிராஸ் ஜாயிண்ட், அல்லது வண்டியின் பி.டி.ஓ. பேரிங். ஆகவே ஷாஃப்டை இரண்டு குழாயிலும் சம அளவு அறுத்துக் குறைக்க வேண்டும். கருவியை மேலே, நடுவே, கீழே என்று மூன்று நிலையிலும் வைத்து அளந்த பிறகே ரம்பத்தை எடுங்கள். அறுத்த விளிம்பில் பிசிறு இல்லாமல் அரம் போடவும் மறக்க வேண்டாம்.

இரண்டாவது, தேய்ந்த ஸ்ப்லைன். பழைய வண்டிகளில் தண்டின் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கத்தி மாதிரி கூராகியிருக்கும். அதன்மேல் புதுக் கப்ளரைப் போட்டால் ஆடும், ஆடினால் இரண்டும் சேர்ந்தே தேயும். முதலில் கப்ளரைச் செருகிக் கையால் திருப்பிப் பாருங்கள். கடகடவென்று ஆட்டம் தெரிந்தால் தண்டை மாற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு பேச வேண்டும்.

இந்த வழியில் தீராத குறையும் உண்டு. வரப்போரப் பிரச்சினை அப்படியே இருக்கும். லிஃப்ட் பம்ப் கிளட்சோடு நிற்பதைக் கப்ளர் என்ன செய்ய முடியும்? கையைப் பழக்கிக்கொள்ள வேண்டியதுதான். முதலில் தூக்கு, பிறகு மிதி. எனக்கு இது பழக ஒரு பருவம் ஆனது. என் தம்பிக்கு இன்னும் பழகவில்லை.

டபுள் கிளட்ச் வழி

இதன் சுகத்தை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். ரோட்டரில் புல் சுற்றிக்கொண்டால் பாதி மிதித்து நின்ற இடத்திலேயே சுற்றவிடலாம், அதுவே உதறிக்கொள்ளும். திருப்பத்தில் பாதி மிதியில் தூக்கலாம். ஸ்லாஷர் சக்கரத்தைத் தள்ளும் ஆபத்தும் கிடையாது, ஏனென்றால் பி.டி.ஓ.வுக்குப் போகும் பாதையும் சக்கரத்துக்குப் போகும் பாதையும் கிளட்சிலேயே பிரிந்துவிடுகின்றன. நடுவில் ஒரு தண்டு, அதைச் சுற்றி ஒரு குழாய்த் தண்டு. உள்ளே இருப்பது சக்கரத்துக்கு, வெளியே இருப்பது பி.டி.ஓ.வுக்கும் பம்புக்கும்.

கிளட்ச் செட்டை மட்டும் வாங்கினால் போதும் என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். சிங்கிள் வண்டியில் அந்தக் குழாய்த் தண்டே கிடையாது. அதை வைக்கக் கியர் பாக்ஸின் முன் பக்கத்தைத் திறக்க வேண்டும், அதற்கான கியரும் பேரிங்கும் வேண்டும். ஃப்ளைவீலும் வேறு. ஆக, உண்மையான பட்டியல் கிளட்ச் செட்டோடு நிற்காது. இதே மாடலில் டபுள் கிளட்ச் வைத்த வண்டி எங்காவது உடைசலுக்கு வந்திருந்தால், அந்த உறுப்புகளை மொத்தமாக எடுத்துக்கொள்வது நல்லது. உதிரியாகச் சேர்த்தால் ஏதாவது ஒன்று பொருந்தாமல் போய், வண்டி இரண்டு துண்டாகப் பட்டறையில் வாரக்கணக்கில் நிற்கும்.

பிரிப்பதை ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் கூலி ஏன் அவ்வளவு என்று புரியும். பானட், பேட்டரி, ஒயர்கள், டீசல் குழாய், ஸ்டியரிங் ராடு எல்லாம் விலக வேண்டும். முன் ஆக்சில் நடுவில் ஒரே பின்னில் ஆடக்கூடியது. ஆகவே பிரிப்பதற்கு முன் இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்து அதை அசையாமல் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் போல்ட் கழன்ற நொடியில் எஞ்சின் ஒரு பக்கமாகச் சாயும், அதைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. அப்புறம் பின் பாதியை ஜாக்கியில் தாங்கி, முன் பாதியை அங்குலம் அங்குலமாக உருட்டி விலக்குவார்கள். சேர்க்கும்போது இன்னும் பொறுமை வேண்டும். தண்டின் பற்களும் பிளேட்டின் பற்களும் நேராக வரும்வரை ஃப்ளைவீலைத் துளித்துளியாகத் திருப்பிக்கொண்டே தள்ள வேண்டும். போல்ட்டைப் போட்டு இறுக்கி இழுத்துவிடலாம் என்று அவசரப்பட்டால் பிளேட்டின் நடுப் பகுதி வளைந்துவிடும், புதுக் கிளட்ச் முதல் நாளே அதிரும்.

பராமரிப்பிலும் செல்லம் கேட்கும். இரண்டு பிளேட்டும் ஒரே அளவில் தேயாது. சக்கரத்துக்கான பிளேட்தான் முதலில் தேயும். அப்போது பாதி மிதிக்கும் முழு மிதிக்குமான இடைவெளி கலைந்து, பாதி மிதியிலேயே பி.டி.ஓ. தடுமாற ஆரம்பிக்கும். சரிசெய்யாமல் ஓட்டினால் இரண்டும் போகும். பாதி மிதியில் காலை வைத்துக்கொண்டே பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு பேசுகிற பழக்கம் இருந்தால் ரிலீஸ் பேரிங் சீக்கிரம் ஊளையிடும். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

செலவு கப்ளரைப் போலப் பல மடங்கு. வருடத்தில் எத்தனை நாள் பி.டி.ஓ. ஓடுகிறது என்று விரல்விட்டு எண்ணுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் ஓடினால் டபுள் கிளட்ச் தன் காசைத் தானே சம்பாதிக்கும். மழைக்கு முன் நாலு நாள், மழைக்குப் பின் நாலு நாள் என்றால் எனக்கு அது வீண் செலவாகத்தான் படுகிறது.

வாடகை வழி

சின்னத் தோட்டக்காரர்களுக்கு இதுதான் கெட்டிக்காரத்தனம், சொல்லத்தான் மனசு வராது. வேளாண்மைப் பொறியியல் துறை மணிக்கணக்கில் வண்டியும் ரொட்டவேட்டரும் வாடகைக்கு விடுகிறது, உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம். தனியார் வண்டிகளும் ஊருக்கு நாலு இருக்கின்றன. பழைய வண்டியைக் கலப்பைக்கும் டிரெய்லருக்கும் வைத்துக்கொண்டு, ரொட்டவேட்டருக்கு மட்டும் ஆள் கூப்பிடலாம். ஒரே கஷ்டம், மழை பெய்த மறுநாள் எல்லோருக்கும் அதே வண்டிதான் வேண்டும். ஈரம் பதமாக இருக்கும் அந்த இரண்டு நாளில் வண்டி கிடைக்காவிட்டால் வாடகை மலிவு என்று பேசிப் பயனில்லை.

பழைய பெர்குசன், ஃபோர்டு வைத்திருப்பவர்களுக்கு

டி.இ.20, அமெரிக்காவின் ஃபோர்டு 8என் மாதிரி வண்டிகளைச் சேகரித்துப் புதுப்பிப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு கணக்கு இருக்கிறது. அவற்றில் பி.டி.ஓ. தண்டு 1⅛ அங்குலம். இன்றைய கருவிகளெல்லாம் 1⅜ அங்குலத்துக்கு, அதாவது ஏறக்குறைய 35 மில்லிமீட்டருக்கு. தண்டின்மேல் மாட்டும் உறை ஒன்று கிடைக்கும். அதோடு கப்ளரும் சேர்ந்தே வரும் வகையும் உண்டு. அல்லது தண்டையே 1⅜ அங்குலமாக மாற்றலாம். நான் தண்டை மாற்றும் பக்கம். காரணம், இந்த வண்டிகளில் பின் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினால் தண்டு பின் பக்கமாகவே உருவி வந்துவிடும், பிரிக்க வேண்டியதில்லை. உறை போட்டு, அதன்மேல் கப்ளர் போட்டு, அதன்மேல் ஷாஃப்ட் என்று அடுக்கினால் எல்லாம் பின்னால் நீண்டுகொண்டே போகும். தண்டு நுனியிலிருந்து டிரெய்லர் மாட்டும் டிராபார் பின் வரை 14 அங்குலம் என்பது நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்றும் பி.டி.ஓ.வுக்கான வழக்கமான அளவு. அந்தக் கணக்கு கெட்டால் திரும்பும்போது ஷாஃப்டின் கோணமும் கெடும். டி.இ.20ல் முன் கியர் நாலுதான், மெதுவாக ஓட்ட லோ வரிசை கிடையாது. ஆகவே ரொட்டவேட்டருக்கு அது எப்படியும் வேகமான வண்டி. புல் வெட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பேக்கிங்: பேப்பரா, கார்க்கா, டியூபா?

இந்த இடத்தில்தான் நான் சூடு கண்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த வண்டிகளில் கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், லிஃப்ட் பம்ப் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய். ஏறக்குறைய 30 லிட்டர். கியரில் உரசிய எண்ணெயையே பம்பும் உறிஞ்சும். எந்த மூடியில் போட்ட பசை உள்ளே உதிர்ந்தாலும் கடைசியில் போய்ச் சேரும் இடம் பம்ப்தான். முதலில் போன பட்டறையில் பம்புக்குப் பக்கவாட்டில் இருக்கும் மூடிக்கு, பேப்பர் பேக்கிங் இல்லையென்று டியூப் பசையைக் கேக்குக்குக் கிரீம் வைப்பது போல வைத்து அழுத்திவிட்டார்கள். வெளியே பிதுங்கியதைத் துடைத்தாயிற்று. உள்ளே பிதுங்கியதை யார் துடைப்பது? மூன்று மாதத்தில் லிஃப்ட் மெதுவானது, பம்ப் முனக ஆரம்பித்தது. திறந்து பார்த்தால், பம்ப் உறிஞ்சுகிற இடத்தில் சேமியா மாதிரி சாம்பல் நிறத் துணுக்குகள்.

அதற்காகப் பசையே கூடாது என்று சொல்ல மாட்டேன். இங்கே எந்தக் கம்பெனி டியூப் ஆனாலும் பேர் அனபாண்ட்தான். சரியாகப் போட்டால் நன்றாகப் பிடிக்கும். இரண்டு முகத்தையும் பெட்ரோல் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு, போல்ட் ஓட்டைக்கு உள் பக்கமாக நூல் போல ஒரு கோடு. அவ்வளவே. எண்ணெய் ஊற்றுவதற்கு முன் ஒரு ராத்திரி காய விட வேண்டும். மூடி வளைந்திருந்தாலோ, முகத்தில் பள்ளம் இருந்தாலோ இதைவிட்டால் வழியில்லை. ஆனால் பம்புக்குப் பக்கத்தில் நான் இதை விரும்புவதில்லை.

பேரிங்கை அழுத்திப் பிடிக்கும் மூடிகளில் பேப்பர்தான். அதன் தடிமனும் கணக்கில் சேர்ந்தது. அரை மில்லிமீட்டர் பேப்பர் இருந்த இடத்தில் வெறும் பசையைப் போட்டால் மூடி அரை மில்லிமீட்டர் உள்ளே போகும், பேரிங் இறுகும், சூடாகும். மாறாகத் தடித்த ஷீட்டை வெட்டிப் போட்டால் தண்டு முன்னும் பின்னும் ஆடும். பழைய பேக்கிங்கை எறிவதற்கு முன், கிழியாத ஒரு துண்டை எடுத்து அதன் தடிமனை அளந்துவிடுங்கள்.

தகரத்தை மடித்துச் செய்த மூடிகளுக்குக் கார்க் நன்றாக வரும், அமுங்கிக்கொடுக்கும். ஆனால் கார்க்கை இறுக்குகிறேன் பேர்வழி என்று முறுக்கினால் பிதுங்கி வெடித்துவிடும். வார்ப்பு இரும்பு மூடிக்கு அது தேவையே இல்லை.

கடையில் பேக்கிங் கிடைக்கவில்லையா, வெட்டிக்கொள்ளலாம். அந்த வயசாளி வெட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. பேக்கிங் ஷீட்டை மூடியின்மேல் படுக்கவைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பு நெடுகத் தட்டிக்கொண்டே போனார். இரும்பின் விளிம்பே கத்தியாகி ஷீட்டை அறுத்தது. ஓட்டைகளுக்குச் சுத்தியலின் உருண்டைப் பக்கம். ஒரு ஓட்டை விழுந்ததும் அதில் போல்ட்டை நுழைத்து ஷீட் நகராமல் பார்த்துக்கொண்டார். வெட்டி முடித்து ஒரு பக்கம் மட்டும் கிரீஸ் தடவினார். ஏன் ஒரு பக்கம் என்று கேட்டேன். "அடுத்த தடவ கழட்டறவன் நம்மளத் திட்டக்கூடாதுங்கள்ல" என்றார். கிரீஸ் தடவிய பக்கம் ஒட்டாது, பேக்கிங் முழுசாக வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பழைய பேக்கிங்கிலும் பழைய கிளட்ச் பிளேட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். காய்ந்த நிலையில் பிரஷ் போட்டுத் தேய்ப்பதும், கம்ப்ரெசர் வைத்து ஊதுவதும் வேண்டாம். நனைத்துவிட்டுச் சுரண்டுங்கள்.

பின் ஆயில் சீல்

புது சீல் போட்டும் ஒரு மாதத்தில் ஒழுகுகிறது என்பார்கள். சீலைக் குறை சொல்வதற்கு முன் தண்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பழைய சீலின் உதடு உரசி உரசி அங்கே ஒரு வளையப் பள்ளம் விழுந்திருக்கும். புது சீலும் அதே பள்ளத்தில் உட்கார்ந்தால் என்ன பிடிக்கும்? இடம் இருந்தால் சீலை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைக்கலாம். மெல்லிய உறை ஒன்றை அந்த இடத்தில் ஏற்றலாம். பள்ளம் ஆழமென்றால் லேத் பட்டறையில் வெல்டிங் வைத்துக் கடைந்துதான் ஆக வேண்டும், அல்லது புதுத் தண்டு.

மாட்டும்போது ஸ்ப்லைன் விளிம்பு சீலின் உதட்டைக் கீறிவிடும். அதற்கு ஆவின் பால் கவர் ஒன்று போதும். கழுவி, வெட்டி, கிரீஸ் தடவி ஸ்ப்லைனைச் சுற்றிவிட்டு, அதன்மேல் சீலை வழுக்கி ஏற்றி, பிறகு கவரை உருவிவிட வேண்டும். சீலின் ஸ்பிரிங் தெரியும் பக்கம் எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும். கூடவே காற்றுப் போகும் பிரீத்தரையும் கழுவிவிடுங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி எந்தப் புது சீலையும் தள்ளும். சேற்றுழவு ஓட்டும் வண்டியென்றால் சீலுக்கு இன்னொரு வேலையும் உண்டு, தண்ணீர் உள்ளே வராமல் பார்ப்பது. டிப் ஸ்டிக்கில் எண்ணெய் மோர் நிறத்தில் தெரிந்தால் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது.

எந்த வழியில் போனாலும் தண்டின்மேல் இருக்க வேண்டிய தகர மூடியைத் தேடி மாட்டுங்கள். பழைய வண்டிகளில் அநேகமாக அது இருக்காது. 540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. அந்தத் தண்டு ஒரு நொடியில் ஏறக்குறைய ஒரு மீட்டர் துணியைச் சுருட்டும். தோளில் கிடக்கும் துண்டுக்கு இரண்டு நொடி ஆகாது.

என் வண்டிக்கு

பின் சீல் மாற்றினேன். பக்கவாட்டு மூடியின் பசையைச் சுரண்டிவிட்டுப் பேப்பர் போட்டேன். ஸ்லாஷருக்கு மட்டும் கப்ளர். ஷாஃப்டை நானே அளந்து அறுத்தேன், முதல் தடவை அரை அங்குலம் அதிகமாகவே அறுத்துவிட்டேன், ஆனாலும் சமாளிக்கிறது. டபுள் கிளட்சுக்கான உறுப்புகளை வயசாளி ஒரு உடைசல் வண்டியில் பார்த்து வைத்திருக்கிறார். இன்னும் எடுக்கவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டையை விரிக்கிறேன். பட்டாணி இப்போது கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது, சுண்டைக்காய் அளவு. நிறம் மஞ்சள்தான். நெல்லிக்காய் அளவு வந்தால் போன் பண்ணச் சொல்லியிருக்கிறார்.